சபர் போனவர்களும் வீடு காத்தவர்களும்

பொன்விழா மலருக்குக் குடும்ப வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டதும் நாங்கள் முதலில் தேடியது பாட்டனாரின் படத்தைத்தான். சங்கம் தொடங்கிய 1969ஆம் ஆண்டு எடுத்த கூட்டப் படம் அலுவலகச் சுவரில் தொங்குகிறதல்லவா, அதில் நாற்காலியில் இருப்பவர்கள், பின்வரிசையில் நிற்பவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். அவர் இல்லை. முதல் ஆண்டுச் சந்தாப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது; படத்தில்தான் இல்லை. உம்மாவிடம் கேட்டோம். "அப்ப வாப்பா ஊருல இருந்தாங்க. ஆறு மாசம். எனக்கு அப்பத்தான் பதிமூணு வயசு" என்றார். படத்தில் இல்லாததை நாங்கள் குறையாக நினைத்தோம். உம்மாவோ அதை வீட்டுக்கு வந்த வரவாக இத்தனை ஆண்டும் வைத்திருந்தார்.

நாங்கள் வியாபாரிகள். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு, சிராங்கூன் சாலைப் பக்கம் பெட்டியும் பையும் விற்கும் குடும்பக் கடையில் அமர்ந்துவிட்டோம். வரலாறு எழுதிப் பழக்கமில்லை. கணக்கு எழுதத் தெரியும். இதுவும் பெரும்பாலும் ஒரு கணக்குதான். சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு நாகூருக்குப் போயிராவிட்டால் அந்தக் கணக்கு எங்கள் கைக்கு வந்திருக்காது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பெரிய மாமாவின் குரல் தொலைபேசியில் கேட்டது. "ஆளுக்கு ஒன்னும் இல்ல. ஓடுதான் போச்சு. நீங்க வந்து பாத்துட்டு ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றார். முடிவு என்று அவர் சொன்னது ஓட்டைப் பற்றி மட்டுமல்ல என்பது எங்களுக்குத் தெரியும். தர்காவுக்கு வருவோர் தங்க விடுதி கட்டுவதற்காக அந்த மனையை ஒருவர் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு உம்மாவினுடையது. நாகூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கத்தில் உள்ள மற்ற ஊர்க் குடும்பங்களுக்காகச் சொல்கிறோம். எங்கள் குடும்பத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார். அதனால் அந்த வீடு உம்மாவின் உம்மம்மாவிடமிருந்து எங்கள் உம்மம்மாவுக்கும், அவரிடமிருந்து உம்மாவுக்கும் வந்தது. பட்டா இன்றும் அந்த மூத்த உம்மம்மாவின் பெயரில்தான் இருக்கிறது. பெரிய மாமா மூத்த ஆண்பிள்ளையானாலும், நான்கு தெரு தள்ளி மாமியின் வீட்டில் இருந்துகொண்டு சாவியை மட்டும் வைத்திருக்கிறார். உம்மாவுக்குப் பிறந்ததோ நாங்கள் இரண்டும் ஆண்கள். 2011-இல் உம்மம்மா வஃபாத்தானதிலிருந்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

கடையை வாப்பாவிடமும் தம்பியிடமும் விட்டுவிட்டு, உம்மா, மருமகள், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன் என்று ஐந்து பேராகப் பள்ளி விடுமுறையில் புறப்பட்டோம். சாங்கியிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரம். இளையவன் ஏறியதும் தூங்கி, இறங்கும்போதுதான் விழித்து, "இவ்வளவுதானா?" என்றான். அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக நாகூருக்கு இன்னொரு நான்கு மணி நேரம் காரில். திருவாரூர் தாண்டியதும் சாய்ந்த மின்கம்பங்களையும் முறிந்த தென்னைகளையும் பார்த்துக்கொண்டே போனோம். உம்மா பேசவில்லை. ஊருக்குள் நுழையும்போது தர்காவின் மனாரா தெரிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

ஐந்து பேருக்கும் விசா இணையத்திலேயே கிடைத்திருந்தது. பாட்டனார் 1936-இல் பதினைந்து வயதில் எதிர்த்திசையில் வந்தபோது விசா என்ற சொல்லே அவருக்குத் தெரிந்திருக்காது. இந்தியர்கள் அப்போது பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட குடிகள். சீனர் வருகையைக் கட்டுப்படுத்திய 1933ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் அவர்களைத் தொடவில்லை. கப்பல் சீட்டுக்குக் காசிருந்தால் போதும். இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் அவருடைய வீட்டுக்குப் போக இன்னொரு நாட்டின் அனுமதி கேட்கிறார்கள்.

அவர் வந்த வழி பழைய வழி. பினாங்கைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1794-இல் எழுதிய ஒரு கடிதத்தில், சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆட்கள் வரை கொண்டுவருவதாகவும், அவர்கள் வியாபாரமும் உழைப்புமாகச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அடுத்தவர்கள் வந்து அந்த இடத்தை நிரப்புவதாகவும் குறிப்பிடுகிறார். அவர் சூலியாக்கள் என்று எழுதுவது நம் முன்னோரைத்தான். சிங்கப்பூரிலும் அதே கதை. தெலுக் ஆயர் தெரு கடலோரமாக இருந்த காலத்தில், 1828-க்கும் 1830-க்கும் இடையே, நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்காவை அங்கே எழுப்பினார்கள். கரையிறங்கியவுடன் ஊரின் சாயலைப் பார்க்கும் ஆசை. அதே தெருவில் 1827-இல் ஓலைக் கூரையோடு எழும்பிய அல்-அப்ரார் பள்ளிக்குக் கூச்சுப்பள்ளி என்ற பெயர் இன்னும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. தொழில் தேடி வந்தவர்கள் மட்டுமல்ல, தமிழைச் சுமந்து வந்தவர்களும் இவர்களில் உண்டு. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கிலிருந்து பத்திரிகை நடத்தினார்.

இப்படிப் போவதற்கு நம் கரையில் சபர் போவது என்று பெயர். போனவர் சபுராளி. பயணம் என்று பொருள்படும் ஒரு அரபுச் சொல், நம் தாய்மார் வாயில் பிரிவு என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. சபர் போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சங்க மலர்களும் பேசியிருக்கின்றன. அவர்கள் போன பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று எழுதியவர்கள் குறைவு. எங்களுக்கும் அது தோன்றியதில்லை, அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் வரை.

வீட்டின் கூடத்தில் கூரை பிய்ந்திருந்தது. முற்றம் முழுவதும் உடைந்த மங்களூர் ஓடுகள். அரங்குக்குள் மழை இறங்கவில்லை. அங்கேதான் உம்மம்மாவின் மரப் பெட்டகம் இருந்தது. பொருள்களை எடுத்து வெயிலில் காயவைக்கலாம் என்று திறந்தோம். மேலே ஒரு வெள்ளைத் துப்பட்டி. அதன்கீழ் மூடி துருப்பிடித்த கோடாலித் தைலக் குப்பிகள் ஐந்தாறு, பிரிக்காத ஒரு சோப்புக் கட்டி, சிங்கப்பூர்க் கைலி ஒன்று. அதற்கும் அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் கடிதங்கள். எண்ணிப் பார்த்தோம், 112.

கடிதங்களைப் பிரித்ததும் ஏமாற்றம். 1970-க்கு முன் வந்தவை எல்லாம் அரபு எழுத்தில் இருந்தன. பாட்டனாருக்கு அரபு மொழி தெரியாதே என்று உம்மாவிடம் கேட்டோம். உம்மா சிரித்தார். "அது அரபி இல்ல, அரபுத் தமிழ். உம்மாவுக்கு அதுதானே தெரியும்" என்றார். உம்மம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். வீட்டுக்கு வந்த ஆலிமாவிடம் ஓதக் கற்றுக்கொண்டதோடு அரபு எழுத்தில் தமிழைப் படிக்கவும் எழுதவும் கற்றவர். அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கில் இவர்களை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பட்டியலில் சேர்த்திருந்தால் அது பெரிய அநியாயம்.

உம்மாவே அதைச் சரியாகப் படிக்கப் பழகவில்லை. பெரிய மாமா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். அப்போது மகள் ஒரு கடிதத்தை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து, வார இறுதி வகுப்பில் ஓதிப் பழகியபடி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். பாட்டனார் ஒவ்வொரு எழுத்துக்கும் மேலும் கீழும் குறியிட்டு, படிப்பவருக்குச் சிரமம் இல்லாதபடி எழுதியிருந்தார். ச, ட, ப போன்ற அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளிகள் உண்டு. அங்கெல்லாம் அவள் திணறினாள். பெரிய மாமா ஊகித்து எடுத்துக்கொடுத்தார். சலாமும் துஆவும் கடந்து நாலாவது வரியில் அவள் வாயிலிருந்து, "கூ...ரைக்கு... ஓடு... மாத்த..." என்று வந்தது. அவளே நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அரபு ஓதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தமிழ் பேசுகிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தக் கடிதம் 1955 தொடக்கத்தில் எழுதியது. கூரைக்கு ஓடு மாற்றப் பணம் அனுப்பியிருக்கிறார். முற்றத்தில் உடைந்து கிடந்தது அந்தப் பணம்தான்.

மூன்று நாள் அந்தத் திண்ணையிலேயே கழிந்தது. மாமி காலையில் இடியப்பமும், மாலையில் இறால் வாடாவும் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடிதங்களோடு இருந்த பாட்டனாரின் சிறிய நோட்டுப் புத்தகத்தில் அவர் ஏறிய கப்பல்களும் தேதிகளும் கடைக் கணக்குப்போல வரிசையாக இருந்தன. இங்கே கொஞ்சம் கப்பல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் முதலில் வந்தது ரஜூலாவில். நம் சங்கத்து மூத்தவர்கள் பலருக்கும் அதுவே முதற்கப்பல். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அது, தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் பாதை. ஏழெட்டு நாள் ஆகும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். சிங்கப்பூர் வந்தாலும் உடனே இறங்க முடியாது. அம்மைக்கும் காலராவுக்கும் அஞ்சி, தளப் பயணிகளைச் செயின்ட் ஜான்ஸ் தீவில் தடுத்துவைப்பார்கள். ரஜூலாவோடு பிறந்த ரோனா என்ற கப்பலை 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் மூழ்கடித்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரஜூலா தப்பிப் பிழைத்து, 1973 வரை நம்மை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது கப்பலும் தபாலும் நின்றுபோயின. மூன்றரை ஆண்டு பாட்டனார் இருக்கிறாரா இல்லையா என்று அவருடைய உம்மாவுக்குத் தெரியாது. 1946 கடைசியில்தான் முதல்முறையாக ஊர் திரும்பினார். வந்ததும் கல்யாணம். உம்மம்மாவுக்குப் பதினாறு வயது. எட்டு மாதம் இருந்துவிட்டு 1947 ஜூலையில் கப்பலேறினார். நான்கு மாதம் கழித்துப் பெரிய மாமா பிறந்தார்.

அடுத்து அவர் வந்தது 1951 இறுதியில், ஏழு மாதம். பிறகு 1955-இல் வந்து ஒன்பது மாதம். அந்த முறைதான் கூரைக்கு ஓடு மாற்றினார். அவர் போன பிறகு 1956 ஆகஸ்டில் உம்மா பிறந்தார். பெற்ற பிள்ளைகள் இருவரையும் அவர் முதலில் பார்த்தது அவர்களுடைய நான்காம் வயதில். 1960-இல் வந்தபோது உம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். ஒரு வாரம் வெளியே வரவில்லை என்று பெரிய மாமா சொல்ல, "ரெண்டு நாள்தான்" என்று உம்மா திருத்தினார். இருவரும் இதை அறுபது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் போலும். அந்த முறை ஆறு மாதம். 1965 பிப்ரவரியில் அவர் புறப்பட்டபோது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். ஏழு மாதம் கழித்து, ஆகஸ்டு கடைசியில் திரும்பியபோது தனி நாடு. 1969-இல் ஆறு மாதம். இங்கே நம் சங்கத்தார் படமெடுத்துக்கொண்ட சமயம். கடைசியாக 1974-இல், புதிதாக ஓடத் தொடங்கியிருந்த சிதம்பரம் கப்பலில் போய் ஐந்து மாதம்.

1977-இல் கடையிலேயே மயங்கி விழுந்து இறந்தார். தந்தி போய்ச் சேர்ந்தது. உம்மம்மா நான்கு மாதமும் பத்து நாளும் அந்த அரங்குக்குள்தான் இத்தா இருந்தார்.

மருமகள்தான் கைப்பேசியில் கூட்டினார். எட்டும் ஏழும் ஒன்பதும் ஆறும் ஏழும் ஆறும் ஐந்தும். நாற்பத்தெட்டு மாதம். முப்பது ஆண்டு இல்லறத்தில் நான்கு ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். இரண்டு முறை கூட்டினார். உம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் தயங்கினோம். உம்மா, "தெரியும்" என்றார். உம்மம்மா அடிக்கடி விரல்விட்டு எண்ணுவாராம்.

ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று இப்போது கேட்பது எளிது. மருமகள் கடையநல்லூர்க் குடும்பத்துப் பெண். அவர்கள் 1920களிலிருந்தே பெண்டுபிள்ளைகளோடு வந்து தஞ்சோங் பகாரில் குடியேறியவர்கள். ஆண்கள் துறைமுகத்தில் வேலை பார்க்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். "எங்க நன்னியெல்லாம் அம்மிக்கல்லோட கப்பல் ஏறினவங்க" என்று மருமகள் சொல்வார். அதில் கொஞ்சம் இடக்கும் உண்டு, நியாயமும் உண்டு. பாட்டனார் பல ஆண்டுகள் படுத்தது கடையின் மேல்மாடியில், பத்துப் பேருக்கு நடுவில். மனைவிக்கு அங்கே இடமில்லை. 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் நினைத்தபோது வரவும் முடியாது. இன்னொன்று, வீடு பெண்ணின் பெயரில் இருந்தால் வீட்டைக் காப்பதும் பெண்ணின் தலையில். பூட்டிவிட்டு வருவது பெரிய பேச்சாகியிருக்கும். எங்கள் முறையில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்தது அவளுக்குப் பலம்தான். ஆனால் சபர் போகும் ஊரில் அதே வீடு அவளைக் கட்டியும் போட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டின்னில் இருந்தவை எல்லாம் பாட்டனார் எழுதியவை. உம்மம்மா எழுதியவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1977-இல் மேல்மாடியை ஒழித்தபோது அவருடைய பெட்டியில் இருந்த காகிதங்களை யாரும் பாதுகாக்கவில்லை. குறை சொல்ல ஆளில்லை. எங்கள் குடும்பத்து ஆண்கள்தான் ஒழித்தார்கள். ஆனால் பதில்களிலிருந்து கேள்விகளை ஓரளவு அறியலாம். தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல. நீ கேட்ட நூல் அடுத்த ஆள்வழி வரும் என்று ஒரு கடிதம். கொல்லைச் சுவர் விஷயத்தில் நீ பக்கத்து வீட்டாரிடம் பேசியது சரிதான், நான் இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன் என்று இன்னொன்று. உண்டியல் பணம் தாமதமான மாதத்தில் வளையலை அடகு வைத்து மகனுக்குச் சுன்னத்துச் செலவு பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒன்று. ஒரு சுவர், ஒரு அடகு, ஒரு சுன்னத்து என்று வீட்டின் ஒவ்வொரு முடிவையும் அவரே எடுத்திருக்கிறார். பாட்டனார் மூன்று வாரம் கழித்துச் சரி என்று எழுதியிருக்கிறார்.

எங்களை அதிகம் நிறுத்தியது 1958-இல் எழுதியது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி பாட்டனார் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுக்கொண்டதை அறிவித்திருப்பார் போலும். அதற்கு உம்மம்மா என்ன எழுதினாரோ. இவர் பதிலில், நீ நினைப்பதுபோல் இது ஊரை விடுவதற்கான காகிதம் அல்ல, கடையில் நிலைப்பதற்கான காகிதம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்குகிறார். உம்மம்மா ஏற்றுக்கொண்டாரா என்பது அடுத்த கடிதத்திலும் தெரியவில்லை. அந்தக் காகிதத்தின் பலனை அனுபவிப்பவர்கள் நாங்கள். வீவக வீடு, பள்ளி, தேசிய சேவை, இந்தக் கடை எல்லாம் அதிலிருந்து வந்தவை. அதற்காக ஒருவர் அங்கே அஞ்சியிருக்கிறார் என்பது எங்களுக்கு இதுவரை தெரியாது.

பெட்டகத்தின் அடியில் ஓர் இந்தியக் கடப்பிதழும் இருந்தது. உம்மம்மாவின் படம், 1984ஆம் ஆண்டு. பக்கங்களைப் புரட்டினோம். ஒரு முத்திரைகூட இல்லை. உம்மா 1981-இல் கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் சிதம்பரம் கப்பல் ஏறி இங்கே வந்தவர். வாப்பா சிங்கப்பூர்க்காரர், இந்த முறை மாப்பிள்ளை வீட்டோடு வந்து தங்க வழியில்லை. 1983-இல் பேரன் பிறந்ததும், ஒருமுறை வந்து பார்க்க உம்மம்மா சம்மதித்தார். 1985-இல் நோன்புக்கு முன் வருவதாகப் பேச்சு. அந்த ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி வங்கக் கடலில் சிதம்பரம் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. கப்பல் மீண்டும் ஓடவில்லை, உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாக நாகப்பட்டினத்தையும் மலாயாக் கரையையும் கட்டியிருந்த கயிறு அதோடு அறுந்தது. விமானத்தில் வரச் சொல்லி உம்மா எத்தனையோ முறை கேட்டார். ஆகாயத்தில் வருவதற்கு உம்மம்மாவுக்கு மனம் வரவில்லை. நாங்கள்தான் 1990-இல் சென்னைக்குப் பறந்து, எழும்பூரில் இரவு ரயில் பிடித்து அவரைப் பார்க்கப் போனோம். பிறகு சில முறை போனோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த நாளில் தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். தர்கா வளாகத்தில் தங்கியவர்களுக்கு மதம் பாராமல் சோறு போன நாள்களில் உம்மம்மாவின் அண்டாக்களும் போயின. எழுபத்து நான்கு வயதில்.

பாட்டனாரின் கபுறு சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருந்தது. அடக்கத்தலங்களுக்குப் பதினைந்து ஆண்டு வரம்பு 1998-இல் வந்தபின், முறைப்படி தோண்டி, வேறு சிலரோடு சேர்த்து மறுபடி அடக்கினார்கள். உம்மம்மா நாகூரில். இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது ஒரு கூரையும் ஒரு டின்னும்தான்.

நான்காம் நாள் மனை கேட்டவர் வந்தார். மரியாதையான மனிதர், விலையும் நியாயமாகவே சொன்னார். பெரிய மாமா, "விடுறதும் வைக்கிறதும் உன் இஷ்டம். உன் வீடு" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்துகொண்டார். எங்களுக்குள் கருத்து ஒன்றாக இல்லை என்பதையும் எழுதிவிடுகிறோம். யாரும் வாழாத வீட்டுக்கு ஆண்டுதோறும் செலவு செய்வது வியாபாரக் கணக்கில் நட்டம். தம்பி தொலைபேசியில் அதையே சொன்னான். அவன் சொன்னதில் தவறில்லை. அவன் அந்தத் திண்ணையில் இல்லை, அவ்வளவுதான். உம்மா வந்தவரிடம், "முதல்ல கூரையைப் போடணும் நானா. மழை இறங்குற வீட்டுக்கு விலை பேசக் கூடாது" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

கூரை போட்டாயிற்று. உடையாத பழைய ஓடுகளைக் கூடத்துப் பக்கமும் புதியவற்றைத் தாழ்வாரத்துப் பக்கமும் வேயச் சொன்னது உம்மாதான். பட்டாவை உம்மாவின் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு யார் பெயருக்கு என்று கேட்டால், உம்மா பேத்தியின் பக்கம் பார்க்கிறார், எதுவும் சொல்வதில்லை. விலை கேட்டவர் மாதம் ஒருமுறை பெரிய மாமாவை விசாரிக்கிறாராம்.

டின்னை எங்களோடு கொண்டுவந்துவிட்டோம். திரும்பும்போது திருச்சியில் சோதனைக்குப் பையைத் திறக்கச் சொன்ன அதிகாரி, அரபு எழுத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். மகள் ஒரு வரியைப் படித்துக் காட்டினாள். அவர் தமிழர், இன்னொரு வரி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்பினார்.

ஞாயிறுதோறும் லுஹருக்குப் பிறகு அவளும் உம்மாவும் மேசையில் உட்காருகிறார்கள். அவள் எழுத்துக்கூட்ட, உம்மா தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறார். இதை எழுதும்போது பத்தொன்பது கடிதங்கள் முடிந்திருக்கின்றன. சென்ற வாரம் எடுத்தது 1961 மழைக்காலத்தில் எழுதியது. ஓடு மாற்றி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது; கூடத்தின் வடக்கு மூலையில் ஒழுகுகிறது என்று உம்மம்மா எழுதியிருக்கிறார் போலும். எத்தனை ஓடு வேண்டும் என்று ஏணி வைத்து ஏறி எண்ண வேண்டாம், கீழிருந்தே எண்ணி எழுது என்று பதில் போட்டிருக்கிறார்.